அரைச் சுற்று

லூர்துராஜின் வலது கையை வைஸில் வைத்தவன் மருதையன். இன்னும் இறுக்கவில்லை. கையை உருவ முடியாத அளவுக்கு மட்டும் திருகிவிட்டு, கைப்பிடியில் தன் உள்ளங்கையைப் போட்டுக்கொண்டு நின்றான். பட்டறை மேசையின் ஓரத்தில் நான்கு போல்ட் போட்டு இறுக்கிய பழைய வைஸ் அது. இரும்பைக் கவ்விப் பிடிப்பதற்கென்றே செய்த இரண்டு தாடைகள். அவற்றுக்கு நடுவில் இப்போது நாலு விரல்களும் உள்ளங்கையின் பாதியும் இருந்தன. கட்டைவிரல் மட்டும் வெளியே தனியாக நீட்டிக்கொண்டிருந்தது.

காலை மணி பத்தேகால். பட்டறை வலங்கைமான் கடைவீதியைத் தாண்டிக் குடவாசல் சாலையில் இருக்கிறது. எதிரே ஒரு மினி பஸ் வந்தது. டிரைவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்ததும் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

விண்ணரசி அசையாமல் நின்றாள். லூர்துராஜின் மனைவி அவள். பதினோரு வருஷமாக இதே பட்டறையில் அவன் கூடவே ஸ்பானர் பிடிக்கிறவள். அந்த வைஸின் கைப்பிடியை எத்தனை முறை திருகியிருப்பாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. அரைச் சுற்றுக்கு அது எவ்வளவு நெருங்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

எல்லாம் பத்து நிமிஷத்துக்குள் நடந்துவிட்டது. ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளை அப்படியே தரையில் தள்ளிவிட்டார்கள். ஹேண்டில் வளைந்து, முன்விளக்கு நொறுங்கி, டேங்கில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்த இருபது வருஷ வண்டி. வளவனுடையது என்று பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு நாளைக்கு முன் இங்கேதான் செயின் மாற்றிக்கொண்டு போனான்.

இறங்கியவர்கள் நாலு பேர். வளவனின் அண்ணன் நெடுமாறன் கையில் கம்பியோடு முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் மருதையன், வளவனின் மனைவிக்குத் தம்பி. மற்ற இருவரும் அவர்கள் ஊர்க்காரர்கள்.

நெடுமாறன் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"இந்த வண்டி இங்க வந்தப்ப பின்னாடி ஆட்டம் இருந்துச்சா?"

லூர்துராஜ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் வராத வாய் அது.

"இருந்துச்சு தம்பி. ஸ்விங் ஆர்ம் புஷ் தேய ஆரம்பிச்சிருந்துச்சு. சரக்கு கைவசம் இல்ல. திங்கக்கிழமை வா, மாத்தித் தர்றேன், அதுவரைக்கும் லோடு ஏத்தாதன்னு வளவன்கிட்ட சொல்லித்தான் அனுப்பினேன்."

"அப்ப தெரிஞ்சேதான் விட்டிருக்க."

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முழங்காலுக்குப் பின்னால். லூர்துராஜ் மண்டியிட்டபோது மருதையன் காலால் வாயில் உதைத்தான். ஒரு பல் ரத்தத்தோடு ஆயில் தட்டில் விழுந்தது. எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் அப்துல் வஹாப் சாலையைக் குறுக்கே ஓடி வந்தார். "டேய், என்னடா இது, மனுஷன்டா அவன்," என்று நடுவில் புகுந்தவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்கள். சாக்கடைச் சிமெண்டில் பிடரி பட்டது. கண்ணாடி உடைந்தது. எழுந்தவர் தடவித் தடவித் தன் கடைக்கே திரும்பிப் போனார்.

விண்ணரசி ஓடிப்போய் நெடுமாறனின் சட்டையைப் பிடித்தாள். அவன் அவளை அடிக்கவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டான்.

"அக்கா, நீங்க தள்ளிக்குங்க. இன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு என் தம்பி காலை எடுத்தாங்க. தொடைக்குப் பாதியில. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில நான்தான் கையெழுத்துப் போட்டேன். போட்டுட்டு நேரா இங்க வர்றேன்."

அவள் பேச வாயெடுத்தாள். அவன் அதற்குள் மருதையனைப் பார்த்துத் தலையசைத்தான்.

"அவன் காலுக்கு இவன் கை. அதோட முடிஞ்சுது."

இப்படித்தான் அந்தக் கை வைஸுக்குள் போனது.

வளவன் விழுந்த விதம் ஊருக்கே தெரிந்த கதை. வியாழக்கிழமை மாலை வாய்க்கால் கரையில் வந்துகொண்டிருந்தான். மதகுக்கு முன்னால் இருக்கும் வளைவில் வண்டியைத் திருப்பினான். முன்சக்கரம் திரும்பியது, பின்சக்கரம் திரும்பவில்லை. மதகுச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் கால் மாட்டியது. தனியாகக் கிடந்தவனை ஆடு ஓட்டி வந்தவர்கள் பார்க்கும்போது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன்," என்றாள் விண்ணரசி. "வண்டிய இங்கேயே பிரிக்கிறேன். நீங்க நாலு பேரும் பாருங்க. எது போயி அந்தப் புள்ள விழுந்துச்சுன்னு காட்டுறேன். எங்க கைத் தப்புன்னு தெரிஞ்சா, அந்த வைஸ நானே திருகுறேன்."

லூர்துராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தான். வாயிலிருந்து ரத்தம் தாடைக்கு வழிந்துகொண்டிருந்தது.

"எதுக்கு மாமா இதெல்லாம்," என்றான் மருதையன். "பொம்பள பேச்சக் கேட்டுக்கிட்டு. ஒரு திருகு, வேலை முடிஞ்சுது." சொல்லிக்கொண்டே கைப்பிடியை ஒரு விரலால் லேசாக அசைத்தான். லூர்துராஜின் தோள் துள்ளியது.

நெடுமாறன் வண்டியைப் பார்த்தான். நாலு நாளாகத் தூங்காத கண்கள். அவனுக்குக் கை வேண்டியிருந்தது. ஆனால் ஏன் என்பது அதைவிட அதிகமாக வேண்டியிருந்தது. விண்ணரசி அதைத்தான் நம்பினாள்.

"பிரிக்கட்டும்," என்றான்.

ஊர்க்காரர்கள் இருவரும் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். ஸ்டாண்டு வளைந்திருந்ததால் இஞ்சினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, பின்சக்கரம் தரையைத் தொடாமல் நிறுத்தினாள். பிறகு சக்கரத்தின் மேல்விளிம்பில் ஒரு கையும் கீழ்விளிம்பில் ஒரு கையும் வைத்துத் தள்ளி இழுத்தாள்.

கடக் என்றது.

"கேட்டியா மாமா," என்றான் மருதையன்.

"கேட்டது சத்தம். எங்கேருந்துன்னு இன்னும் தெரியல," என்றாள் அவள், அவன் பக்கம் திரும்பாமலே.

சக்கரம் ஆடினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங் போயிருக்கலாம். அல்லது சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் இரும்புக் கவை, பட்டறைக்காரர்கள் ஸ்விங் ஆர்ம் என்று சொல்வது, அதன் அடிமூட்டில் தளர்ந்திருக்கலாம். அந்த மூட்டில் இரண்டு புஷ்கள் உண்டு. உள்ளே ரப்பர் வைத்த சின்ன இரும்புக் குழல்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டு கவை மேலும் கீழும் ஏறி இறங்கலாம். பக்கவாட்டில் ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது.

சக்கரமும் கவையும் சேரும் இடத்தில் இடது கட்டைவிரலை வைத்துக்கொண்டு வலது கையால் சக்கரத்தை ஆட்டினாள். விரலுக்கு அடியில் அசைவே இல்லை. சக்கரமும் கவையும் ஒன்றாகவே போயின. கட்டைவிரலைக் கவையின் அடிமூட்டுக்கு மாற்றினாள். அங்கே இடைவெளி திறந்து திறந்து மூடியது. குழந்தையின் வாய் மாதிரி.

"பேரிங் நல்லாருக்கு. புஷ்தான்," என்றாள்.

"அதத்தான அந்தாளே சொன்னான். தெரிஞ்சேதான் விட்டான்." மருதையன் கைப்பிடியைப் பிடித்தான்.

"கொஞ்சம் பொறுங்க. இவரு பாத்தப்ப இருந்தது ஒரு நூல் ஆட்டம். இது அரை இஞ்சு. விழறதுக்கு முன்ன ஓடின எட்டு நாள்ல ஒரு புஷ் இவ்வளவு தேயாது. இதத் தின்னது வேற ஏதோ."

தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்ட பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கு உறைத்தது. ஆறு மாசத்தில் தேய வேண்டியது எட்டு நாளில் தேய்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாகத் தாங்காமல் கவையை ஏதோ முறுக்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளத்திலும், ஒவ்வொரு மேட்டிலும்.

கவையின் இரண்டு கைகளையும் தாங்கி நிற்பவை இரண்டு ஷாக் அப்சர்பர்கள். வலது பக்கத்தை முதலில் கழற்றினாள். பதினேழாம் நம்பர் ஸ்பானருக்கு இரண்டு நட்டும் படிந்து வந்தன. கையில் வைத்து அழுத்திப் பார்த்தாள். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. கீழே வைக்கவில்லை. அந்தக் கனமான உருளையை ஒரு கையில் பிடித்தபடியே இடது பக்கத்துக்கு வந்து, அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

இடது ஷாக்கின் ஸ்பிரிங்கே கண்ணுக்குத் தெரியவில்லை. வயல் சேறு அப்பிக் காய்ந்து சுவர் மாதிரி இறுகியிருந்தது. செயின் மாற்றிய அன்று இரண்டு ஷாக்கையும் பழந்துணியால் துடைத்தது அவள்தான். அன்றைக்கு இந்தச் சேறு இல்லை. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினாள். மண் பொறுக்காகப் பெயர்ந்தது. இரண்டாவது பொறுக்குக்குப் பின்னால் தெரிந்தது இரும்பு இல்லை.

மரம்.

பூவரசம் மரத்துண்டு ஒன்று, இரண்டு விரல் தடிமனில், ஸ்பிரிங்கின் இரண்டு வளையங்களுக்கு நடுவில் அடித்து ஏற்றப்பட்டிருந்தது. அரிவாள் வெட்டு இன்னும் வெளுப்பாக இருந்தது.

அந்தப் பக்கத்தில் சம்பா அறுப்பு நேரத்தில் எல்லாரும் செய்கிற காரியம் அது. களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு டிராக்டர் கிடைக்காது. மேகம் வேறு கூடும். நெல் நனைந்தால் ஈரப்பதம் என்று மூட்டையைத் திருப்பிவிடுவார்கள். அதனால் ஆளாளுக்குத் தங்கள் மோட்டார் சைக்கிளில் இரண்டு மூட்டை, மூன்று மூட்டை என்று குறுக்கே போட்டு ஓட்டுவார்கள். பாரத்தில் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடாமல் இருக்க இரண்டு ஷாக்கிலும் ஆப்பு அடிப்பார்கள். அப்போது ஸ்பிரிங் சுருங்காது. நடை முடிந்ததும் இரண்டையும் தட்டி எடுத்துவிட வேண்டும். இரண்டும் இருந்தால் வண்டி கட்டை வண்டி மாதிரி ஓடும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு இன்னொன்றை விட்டால், ஒரு பக்கம் அமுங்கும், ஒரு பக்கம் அமுங்காது. நடுவில் இருக்கிற கவைதான் முறுகும். புஷ்ஷை அரைத்துத் தின்னும்.

வளவன் கல்யாண மண்டபத்தில் லைட் கட்டுகிறவன். அவன் மூட்டை ஏற்றுகிறவன் இல்லை. வயலும் நெல்லும் நெடுமாறனுடையவை.

விண்ணரசி கட்டைவிரலால் அந்த மரத்தை மறைத்துக்கொண்டாள். உட்கார்ந்த நிலையிலேயே கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தாள். லூர்துராஜின் முகம் சாம்பல் பூத்திருந்தது. நின்றபடியே ஒரு கால் மாற்றி ஒரு கால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மருதையன் கைப்பிடியைச் சும்மா முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தான். ஊஞ்சலில் கைக்குழந்தையைப் போட்டு ஆட்டுகிற மாதிரி, நினைவில்லாமல்.

இப்போது சத்தம் போட்டுச் சொல்லலாம். பாருங்க, ஆப்பு அடிச்சது யாருன்னு உங்க மாமாவையே கேளுங்க என்று மருதையனிடம். சொன்னால் என்ன ஆகும் என்று அவள் கணக்குப் போட்டாள். தப்பு தன்மேல் என்று நாலு பேர் முன்னால் தெரிந்துபோன ஆண்பிள்ளையை அவள் பார்த்திருக்கிறாள். அவள் தகப்பனார் அப்படி ஒருவர். அந்த நேரத்து அடிக்குத்தான் அளவு கிடையாது. தன் தப்பை மறைக்க அடிக்கிறவன் உண்மையை வரவழைக்க அடிக்கிறவனைவிடப் பலமாக அடிப்பான். நெடுமாறன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கை போய்விடும். கை போன பிறகு ஆப்பைப் பற்றி யார் பேசுவார்கள்.

அவனுக்கு மட்டும் தெரிய வேண்டும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

"நெடுமாறன் தம்பி, நீங்களே வாங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. உங்க கையாலேயே பாருங்க."

அவன் கம்பியைத் தரையில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினான். அவன்மேல் ஆஸ்பத்திரி பினாயில் வாடை அடித்தது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து, அவன் விரலை ஸ்பிரிங்கின் நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தன் கட்டைவிரலை எடுத்தாள்.

அவன் விரல் மரத்தைத் தொட்டது. மேலே போயிற்று. கீழே வந்தது. வெட்டின் ஓரத்தில் நின்றது. அவன் கழுத்து நரம்பு ஒன்று எழும்பி அப்படியே நின்றுவிட்டது.

அவள் அவன் காதுக்குக் கிட்டே, உதடு அசையாமல் சொன்னாள். "யாருக்கும் தெரிய வேணாம். நான் சாகுற வரைக்கும் சொல்ல மாட்டேன். கைய மட்டும் விடச் சொல்லுங்க."

அவன் விரலை எடுக்கவில்லை. கண்ணில் நீர் கட்டியது. அவன் விடுடா என்று சொன்னால் போதும். மூன்றே எழுத்துப் பேச்சு என்றாலும், அதைச் சொன்ன மறு நிமிஷம் ஏன் மாமா என்று மருதையன் கேட்பான். அந்த ஏனுக்கு என்ன சொல்வது என்று அவன் தேடிக்கொண்டிருந்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீக்கிரம், சீக்கிரம் என்று அவளுக்குள்ளே அடித்துக்கொண்டது.

"என்ன மாமா, என்ன இருக்கு?" என்றான் மருதையன்.

நெடுமாறன் தலையைத் தூக்கினான். வாய் திறந்தது. சொல் வரவில்லை.

மருதையன் அந்த அழுகையைப் பார்த்தான். அவனுக்கு வேண்டிய பதில் அதிலேயே இருந்தது.

"இருக்குல்ல? நான்தான் அப்பவே சொன்னேன்ல," என்று சொல்லிக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினான்.

அரைச் சுற்று.

பச்சை மூங்கில் வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. லூர்துராஜ் கத்தவில்லை. நெஞ்சிலிருந்த காற்று எல்லாம் வெளியே போன மாதிரி ஒரு மூச்சு வந்தது. முழங்கால் மடிந்தது. கை மாட்டியிருந்ததால் கீழே விழவும் முடியாமல் தொங்கினான்.

"நான்தான்டா," என்று அலறினான் நெடுமாறன். "விடுடா, நான்தான்டா."

விண்ணரசி எழுந்தது அவளுக்குத் தெரியாது. மடியில் இருந்த ஷாக் அப்சர்பரோடு மூன்று எட்டில் மேசைக்கு வந்துவிட்டாள். இரண்டு கிலோ இரும்பு. மருதையன் திரும்புவதற்குள் அவன் காதோரம் இறங்கியது. அவன் மேசைமேல் சரிந்தான். இன்னொரு முறை ஓங்கி அவன் மணிக்கட்டில் போட்டாள். கைப்பிடியை விட்டுவிட்டான். ஷாக்கைத் தூக்கி எறிந்துவிட்டுக் கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினாள். தாடை விலகியது. லூர்துராஜ் அவள்மேல் விழுந்தான்.

அந்தக் கையை அவள் பார்த்தாள். நடுவிரலும் மோதிரவிரலும் இருக்க வேண்டிய திசையில் இல்லை. வைஸின் பல் பதிந்த தடம் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக இருந்தது. முந்தானையால் சுற்றினாள். துணி உடனே நனைந்தது.

பின்னால் மருதையன் எழுந்துகொண்டிருந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது.

"என்ன மாமா சொன்ன? நான்தான்னா என்ன?"

நெடுமாறன் தரையில் உட்கார்ந்திருந்தான். ஸ்பிரிங்கைக் காட்டினான்.

"மூணு நாள் மூட்டை ஏத்தினேன். லோடு ஏத்த வேணாம்னு மெக்கானிக் சொன்னாருன்னு வளவன் சொன்னான். ரெண்டு நடைதானடான்னு வாங்கிக்கிட்டு வந்துட்டேன். ஆப்பு அடிச்சேன். வலது பக்கம் எடுத்துட்டேன். இடது ஊறிப்போயி வரல. சரி, அப்புறம் எடுத்துக்கலாம்னு..."

"எங்கக்காகிட்ட நீ என்ன சொன்ன? மெக்கானிக்தான் கெடுத்தான்னு சொன்னல்ல? ஆஸ்பத்திரியில வச்சுச் சொன்னல்ல?"

"எனக்கு அப்பத் தெரியாது. இப்பத்தான்டா கையில பட்டுச்சு."

மருதையன் தரையில் கிடந்த கம்பியை எடுத்தான். முதல் அடியை நெடுமாறன் முதுகில் வாங்கினான். கையைத் தூக்கித் தடுக்கவில்லை. இரண்டாவது தலையில் பட்டு நெற்றி பிளந்தது. கூட வந்த இருவரும் மருதையனின் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். அவன் அவர்களையும் இழுத்துக்கொண்டே அடித்தான். "எங்கக்காவுக்கு இருபத்தாறு வயசு," என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னான். நெடுமாறன் சேற்றுப் பொறுக்குகளின்மேல் குப்புற விழுந்தான். அப்போதும் கம்பி ஓயவில்லை.

விண்ணரசி திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றிருந்தது. கண்ணாடி இல்லாத அப்துல் வஹாப் அதிலிருந்து இறங்கிக் காற்றில் கையை நீட்டித் துழாவினார். "எங்கம்மா இருக்கான், இந்தப் பக்கம் கொண்டா. ஸ்டேஷனுக்குப் போன் போட்டாச்சு. மொதல்ல ஆஸ்பத்திரி," என்றார்.

ஆட்டோவில் லூர்துராஜ் அவள் தோளில் சாய்ந்திருந்தான். "அரசி, விரல் இருக்கா?" என்று கேட்டான். இருக்கு என்றாள். "அஞ்சும்?" என்றான். அஞ்சும் இருக்கு என்றாள். பொய்யில்லை. இருந்தன.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் ஐந்து எலும்புகள் என்றார். இரண்டு முறை ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழையபடி வரும், சுண்டுவிரல் பாதி வரும், நடுவில் இருக்கிற இரண்டும் மடங்காது என்றார். "என்ன வேலை பாக்குறாரு?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் சீட்டில் எழுதிக்கொண்டிருந்த பேனாவை ஒரு நிமிஷம் நிறுத்தினார். பிறகு எழுதினார்.

மூன்றாம் நாள் வார்டு வராந்தாவில் ஏட்டு ஒருவர் வந்து வாக்குமூலம் எழுதினார்.

"நெடுமாறன் தன் தப்புன்னு ஒத்துக்கிட்டாருன்னு சொல்றீங்க. எப்ப? கைய நசுக்கறதுக்கு முன்னயா, பின்னயா?"

"அவருக்குத் தெரிஞ்சது முன்ன. சொன்னது பின்ன."

"நடுவுல எவ்வளவு நேரம்?"

"அரைச் சுற்று."

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "அது நேரம் இல்லயேம்மா. சிறிது நேரம்னு போட்டுக்கட்டா?"

"இல்லங்க. சிறிது நேரம்னா எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. அரைச் சுற்றுன்னா தெரியும். அப்படியே எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்."

அவர் சலித்துக்கொண்டே அடித்து எழுதினார். அவளும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து வாரம் கழித்துப் பட்டறையைத் திறந்தார்கள். மருதையன் ரிமாண்டில் இருந்தான். நெடுமாறன் தலையில் பதினெட்டுத் தையலோடு ஜாமீனில் வெளியே வந்திருந்தான். அவனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தாலும் பேச்சு இல்லை என்று அப்துல் வஹாப் சொன்னார். மேசையின் ஓரத்தில் நான்கு போல்ட் துளைகள் மட்டும் இருந்தன. வைஸையும், கம்பியையும், அந்த மரத்துண்டையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போயிருந்தது. வண்டியைப் போட்டோ பிடித்துக்கொண்டு, வளவன் வீட்டுல வந்து எடுத்துக்கச் சொல்லுங்க என்று விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பின்பக்கம் திறந்தபடி அது அங்கேயே கிடந்தது.

"அத மாட்டி அனுப்பிடு அரசி," என்றான் லூர்துராஜ். "அது இங்க கிடக்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது."

"பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுடலாம். யாருக்காக மாட்டணும்?"

"யாருக்காகவும் இல்ல. திறந்து போட்டது நாம."

அவள் கோபத்தோடுதான் உட்கார்ந்தாள். கவையைக் கழற்றி மடியில் வைத்தாள். அடிமூட்டுக் குழாயில் பழைய புஷ் இருந்தது. இடது பக்க ரப்பர் முழுக்கப் பொடியாகியிருந்தது. இரும்பு இரும்பைத் தேய்த்து ஓட்டை முட்டை வடிவத்தில் போயிருந்தது. ஆக்ஸா பிளேடை உள்ளே விட்டு அறுத்துத் தட்டி எடுத்தாள். குழாயைத் துடைத்துக் கிரீஸ் தடவினாள். கும்பகோணத்திலிருந்து வரவழைத்த புதுப் புஷ்ஷைக் குழாயின் வாயில் வைத்தாள். அது கையால் போகாது. சுத்தியலால் அடித்தால் விளிம்பு நசுங்கும். வைஸில் வைத்து அழுத்துவதுதான் வழக்கம்.

வைஸ் இல்லை.

"நீள போல்ட் ஒண்ணு எடு," என்றான் லூர்துராஜ். "குறுக்க விட்டு, ரெண்டு பக்கமும் பெரிய வாஷர் போட்டு, நட்டைத் திருகு. தானா இழுத்துக்கிட்டு உள்ள போகும்."

போல்ட்டைக் கோத்தாள். வாஷர் போட்டாள். நட்டைத் திருகியபோது போல்ட்டும் கூடவே சுற்றியது. ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருவர் திருக முடியும்.

அவன் மேசையிலிருந்து இறங்கி எதிரே வந்து உட்கார்ந்தான். கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையில் ஸ்பானரை எடுத்துப் போல்ட் தலையில் மாட்டினான். பழக்கமில்லாத கை. இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை உட்கார்ந்தது.

அவள் திருகினாள். வாஷர் புஷ்ஷைத் தொட்டது. புஷ் குழாய்க்குள் ஒரு மயிரிழை இறங்கிக் கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தில் அவன் உடம்பு தூக்கிப் போட்டது. ஸ்பானர் கையிலிருந்து விழுந்தது. நெற்றி முழுக்க வேர்வை.

அவள் நிறுத்திவிட்டாள்.

அவன் குனிந்து ஸ்பானரைத் தேடி எடுத்தான். மறுபடியும் மாட்டினான். அவள் முகத்தைப் பார்க்காமல் போல்ட்டையே பார்த்துக்கொண்டு, பல் போன இடத்தில் காற்று வர, "சுத்து," என்றான்.

அவள் கால் சுற்று திருகி நிறுத்தினாள்.

"இன்னும்," என்றான்.